எதிர் நாற்காலியில் ஒரு பல் டாக்டர்

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் பல்செட்டுக்காரர். மூன்றாவது மாடியில், பின்பக்க பால்கனியைக் கண்ணாடி வைத்து அடைத்து, அதையே பட்டறையாக்கி வைத்திருந்தார். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டர் ஊற்றி ஈறின் வடிவத்தை எடுப்பார், அதன்மேல் மெழுகு வைத்துப் பல் அடுக்குவார், பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கை அடைத்து வெந்நீரில் வேகவைப்பார். பக்கத்து வீடுகளில் துணி காயப்போட வருகிறவர்கள், கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும் பற்களைப் பார்த்துப் பழகிப்போயிருந்தார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள்தான் கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

வேலையில் கை சுத்தம். பேச்சுதான் வராது. பல்செட் செய்யும் பெரிய கூடம் ஒன்றில் பாதி ஆயுள் வேலை பார்த்தவரைக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அங்கே டாக்டர்களோடு பேச முதலாளி இருந்தார். பிறகு முதலாளி கூடத்தை விற்றார். வாங்கியவர்கள் எல்லாவற்றையும் இயந்திரத்திலேயே செய்துகொண்டார்கள். வீட்டுக்கு வந்து சொந்தமாக ஆரம்பித்தபோதுதான், தனக்கு ஒரு டாக்டரைக்கூட நேராகத் தெரியாது என்பது அவருக்கு உறைத்தது. டாக்டர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கூடத்தின் பெயர். அதன் உள்ளறையில் குனிந்து உட்கார்ந்திருந்த தலையை யாரும் பார்த்ததில்லை.

அவர் மனைவி அப்படியே நேரெதிர். குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை. பிள்ளையை விட வரும் பெற்றோர், வாசல் காவலாளி, குழாய் ரிப்பேருக்கு வந்தவன் என்று யாரிடமும் ஐந்து நிமிஷத்தில் அவர்கள் மாமியார்வரைக்கும் விசாரித்துவிடுவார்.

"நீங்க இங்க உக்காந்துக்கிட்டு இருந்தா எந்த டாக்டரு மாடியேறி வந்து கதவைத் தட்டுவாரு? அவங்க எங்க கூடுவாங்களோ அங்க நாம போகணும்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் பல் டாக்டர்கள் சங்கத்தின் வருஷாந்திரக் கூட்டம். மனைவி அச்சடித்துக் கொடுத்த கார்டுக் கட்டோடு போனவர், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தூணோடு தூணாக நின்றார். அங்கே இன்னொரு மனிதரும் அதே மாதிரி நின்றுகொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, கொண்டுவந்ததை வீணாக்க வேண்டாம் என்று இருவரும் கார்டை மாற்றிக்கொண்டார்கள். அவரும் பல்செட் செய்கிறவர்தான்.

மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி விடுங்க. பூங்காவுக்குக் காலையில நிறைய டாக்டருங்க நடக்க வர்றாங்களாம்."

பூங்காவுக்கும் போனார். கூச்சத்தில் நடை தானாக வேகமெடுத்துவிட்டது. பேச்சுக் கொடுக்க வந்த ஒரு டாக்டர் பாதி வட்டத்திலேயே மூச்சு வாங்கி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு மனைவி தானே களத்தில் இறங்கினார். பல் சுத்தம் செய்ய, பல் கூச்சம் பார்க்க, ஈறு பார்க்க என்று அந்த வட்டாரத்துச் சின்னச் சின்ன கிளினிக்குகளில் ஏறி இறங்கி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டே பேசி, இரண்டு டாக்டர்களைப் பிடித்துக் கொடுத்தார். இருவருமே கொஞ்சம் கொஞ்சமாக வேலை அனுப்பினார்கள். குடும்பம் ஓடியது. மகள் படித்து முடித்து, வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனாள்.

அந்த வருஷம்தான் மனைவிக்குக் கழுத்தில் கட்டி வந்தது. முதலில் நெறிகட்டு என்றார்கள். பிறகு ஊசியால் சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவை வாங்கப் போன அன்று டாக்டரிடம் பேசியதும் மனைவிதான். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

சிகிச்சை ஆஸ்பத்திரியின் ஐந்தாவது மாடியில். சில வாரங்களுக்கு ஒருமுறை காலையில் போனால் சாயங்காலம்வரை மருந்து ஏறும். உள்ளே சாய்வு நாற்காலிகளில் நோயாளிகள். கூட வந்தவர்கள் வெளியே. தரையோடு பூட்டிய நீல நாற்காலிகள், சத்தமில்லாமல் ஓடும் டிவி, கண்ணாடிக் கதவு, அதைத் திறந்து பேரைக் கூப்பிடும் நர்ஸ்.

எதிர் நாற்காலியில் ஒருவர் எப்போதும் இருப்பார். நரைத்த குறுந்தாடி, மடியில் குறுக்கெழுத்துப் போட்டிப் பக்கம். அவர் மனைவிக்கும் இதே மருந்து, பெரும்பாலும் இதே நாள். முதல் நாள் போன் சார்ஜரை இரவல் கேட்டார். அடுத்த முறை இடம் பிடித்து வைத்திருந்தார். அதற்கடுத்த முறை பல்செட்டுக்காரர் பிளாஸ்கில் இரண்டு பேருக்கும் டீ கொண்டுபோனார்.

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, யாரும் தள்ளிவிடாமல், அவர் ஒரு மனிதரோடு பேசினார். வாந்தி நிற்க எந்த மாத்திரை நல்லது, எந்த நர்ஸுக்கு நரம்பு சட்டென்று அகப்படும், முடி கொட்டினபோது உங்க வீட்ல அழுதாங்களா என்றெல்லாம்.

ஒருநாள் குறுந்தாடிக்காரருக்கு போன் வந்தது. "பஞ்சை எடுக்கவேண்டாம்னு சொல்லு. அப்படியே கடிச்சுக்கிட்டு இருக்கட்டும். புடுங்கின இடம் கொஞ்சம் கசியத்தான் செய்யும்" என்றார் அதில். வைத்துவிட்டு, "கிளினிக்ல இருந்து" என்றார் சாதாரணமாக. "நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

பல்செட்டுக்காரரின் சட்டைப்பையில் ஒரு பழைய கார்டு வேறு இருந்தது.

"சின்னதா சொந்தத் தொழில்தாங்க. வீட்லயே, மோல்டு வேலை" என்று மென்று முழுங்கினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். சொல்லாமல் இருக்கத் தெரியவில்லை. தலையில் துணி கட்டிப் படுத்திருந்தவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

"கடவுளே! எங்கெங்கயோ தேடி அலைஞ்சோம். எதிர் நாற்காலியில உக்காந்திருக்காரு மனுஷன்! சொல்லிட்டீங்கல்ல?"

"இல்ல."

"ஏன்?"

"அங்க வெச்சு எப்படிம்மா சொல்றது? அவர் சம்சாரம் உள்ள படுத்திருக்காங்க. நீ உள்ள படுத்திருக்க. நான் கார்டை நீட்டவா?"

"நீட்டினா என்ன? மருந்து அது பாட்டுக்கு ஏறும்."

"வேண்டாம். அதை விட்டுடு."

மனைவி விடவில்லை. உள்ளே அவருக்கு அடுத்த சாய்வு நாற்காலி டாக்டரின் மனைவியுடையது. அடுத்த முறை மருந்து ஏறி முடிந்து, சக்கர நாற்காலிக்காகக் காத்திருந்தபோது டாக்டர் இவர் தோளைத் தட்டினார்.

"என்னங்க நீங்க, மோல்டு வேலைன்னு சொன்னீங்க! இத்தனை நாள் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு நான் எங்கயோ ஆள் தேடிக்கிட்டு இருக்கேன். உங்க வீட்டம்மா எங்க வீட்டம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

டாக்டர் சந்தோஷமாகத்தான் சொன்னார். பல்செட்டுக்காரருக்கு மட்டும் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இத்தனை நாள் கொண்டுபோன டீ, பிடித்து வைத்த இடம், விசாரித்த விசாரிப்பு எல்லாமே இதற்காகத்தான் என்று அந்த மனிதர் நினைத்துவிட்டால்? தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

டாக்ஸியில் ஏறியதும் வெடித்தார். அவர் குரல் உயர்ந்து அவர் மனைவி கேட்டதே இல்லை.

"உன் நோயைக் காட்டி எனக்கு வேலை கேட்டுட்ட இல்ல? அவ்வளவு கேவலமாவா போயிட்டோம்?"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனபிறகு, "நோய் என்னோடது. அதை நான் எதுக்கு வேணா காட்டுவேன்" என்றார். வீடுவரை டிரைவரிடம்கூட எதுவும் கேட்கவில்லை.

அதன் பிறகு பேசிக்கொண்டார்கள்தான். கஞ்சியில் உப்பு போதுமா, மாத்திரை போட்டாயா என்று பேச்சு ஓடியது. ஆனால் அந்த விஷயத்தை இருவருமே தொடவில்லை. அடுத்த முறை மனைவியை உள்ளே விட்டதும் அவர் ஐந்தாவது மாடியில் உட்காரவில்லை. கீழே, தரைத்தளத்துக்கும் கீழே, மருந்துக்கடைக்கு எதிரில் ஒரு மரப்பெஞ்சு கிடந்தது. அதில் போய் உட்கார்ந்துகொண்டார். டாக்டர் போன் செய்தார். அங்கே சிக்னல் இல்லை. இருந்தாலும் எடுத்திருக்க மாட்டார்.

இரண்டு மூன்று முறை அப்படியே போயிற்று. ஒருநாள் மதியம் அவர் பெஞ்சில் கண்ணயர்ந்திருந்தபோது, யாரோ படிக்கட்டில் தடதடவென்று இறங்கி வரும் சத்தம் கேட்டது. பல் டாக்டர். லிப்டுக்குக் காத்திருக்காமல் ஐந்து மாடியும் இறங்கி ஓடி வந்திருந்தார். மூச்சு வாங்கிற்று.

"எங்கெல்லாம் தேடறது உங்களை! மேல வாங்க, சீக்கிரம்."

மனைவிக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே மூச்சுத் திணறல் வந்திருக்கிறது. நர்ஸ் கதவைத் திறந்து கூட வந்தவரைக் கூப்பிட்டிருக்கிறார். யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது டாக்டர் எழுந்து, "நான் வரேன்" என்று உள்ளே போயிருக்கிறார். டாக்டரின் மனைவி தன் கையில் ஊசி இருந்ததையும் பார்க்காமல் இந்தப் பக்கம் எட்டி இவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பல்செட்டுக்காரர் மேலே போனபோது திரை இழுத்திருந்தது. திரைக்கு அப்பால் நிறையக் கால்கள். பிறகு ஒரு படுக்கைக்கு மாற்றித் தீவிர சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். மகள் வந்து சேர்ந்தாள். மனைவி கண் திறக்கவே இல்லை. அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டார்.

சாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து அவரே திகைத்துப்போனார். காப்பகத்துப் பெற்றோர்கள், பழக்கடைக்காரர், எந்தெந்தக் கிளினிக்கிலோ வரவேற்பு மேஜையில் இருந்த பெண்கள். இவரிடம் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. இவருக்கும் தெரியவில்லை. டாக்டரும் வந்தார், ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போனார்.

மகள் கிளம்பிப்போன பிறகு, ஒரு காலையில் டாக்டர் மாடியேறி வந்து கதவைத் தட்டினார். கையில் ஒரு டப்பா. அதில் ஈரத்துணி சுற்றிய அச்சு.

"வயசானவங்க ஒருத்தர். மேல் செட்டு. அவசரம், வேற ஆள் கிடைக்கலை."

வேறு ஆள் கிடைக்காமல் இருக்காது என்று இவருக்குத் தெரியும். டப்பாவை வாங்கி மேஜைமேல் வைத்தார். அன்று பூராவும் அதைத் தொடவில்லை. சாயங்காலம் மகளுக்கு போன் போட்டார்.

"திருப்பிக் கொடுத்துடலாம்னு பாக்கறேன்மா. உங்கம்மா செத்து எனக்கு வேலை வரணுமா?"

மறுமுனையில் மகள், "அம்மா உயிரோட இருக்கும்போதே உங்களுக்காகக் கேட்டதுப்பா அது. வேண்டாம்னா திருப்பிக் கொடுங்க. ஆனா அம்மா செத்ததால வந்ததுன்னு சொல்லாதீங்க" என்றாள். சட்டென்று போனை வைத்துவிட்டாள்.

அவர் பிளாஸ்டரைக் கரைத்தார்.

வேலை வந்தது. அந்த டாக்டர் மூலமாக இன்னொருவர், அவர் மூலமாக இன்னொருவர். ஒரு நிலையில் கை போதாமல், மெழுகு வேலைக்கு ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். சங்கத்தின் அடுத்த வருஷக் கூட்டத்துக்கு டாக்டர் விடாப்பிடியாக அவரைக் கூட்டிக்கொண்டு போனார். தட்டும் கையுமாக நின்ற நாலைந்து டாக்டர்களிடம், "இவர் வேலையைப் பாத்தீங்கன்னா அப்புறம் வேற பக்கம் போகமாட்டீங்க" என்று அறிமுகம் செய்தார்.

அதில் ஒருவர் கேட்டார், "உங்க ரெண்டு பேருக்கும் எங்க பழக்கம்?"

டாக்டர் ஒரு கணம் இவரைப் பார்த்தார். "ஆஸ்பத்திரியில" என்றார்.

"எந்த ஆஸ்பத்திரி? நல்லா ஆள் பழக்கம் கிடைக்கிற இடம்போல இருக்கே. சொல்லுங்க, நாங்களும் போறோம்" என்று அவர் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். தெரியாமல் சிரித்தவர்கள்மேல் தப்பில்லை. பல்செட்டுக்காரர் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து, வண்டிகள் நிற்கும் இடத்தில் நின்றார். அதற்குப் பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை.

டாக்டரின் மனைவிக்கு உடம்பு தேறிவிட்டது. முடி வளர்ந்து, கிளினிக்குக்கும் வர ஆரம்பித்தார். அவரை நேராகப் பார்ப்பதை இவர் தவிர்த்தே வந்தார். அந்த அம்மா பிழைத்ததில் இவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் பார்த்தால் மனதில் வேறு என்னவோ ஒன்றும் எழுந்தது. அது என்ன என்று பெயர் வைக்க அவருக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் டப்பாவை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவே மாடியேறி வந்துவிட்டார். மூன்று மாடி ஏறிய களைப்பில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அன்னிக்கு அவ ஏதாவது சொன்னாளாங்க?"

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். கேட்பார் என்று தெரிந்துதான் இத்தனை நாள் வராமல் இருந்தாரோ என்னவோ.

"உங்களை எங்கன்னு நான்தான் கேட்டேன். கீழ போய் உக்காந்திருப்பாரு, கோவம்னு சொன்னாங்க. 'அவர் கோவப்பட்டு நான் பாத்ததே இல்ல, நல்லாத்தான் கோவப்படறாரு'ன்னு சிரிச்சாங்க. அப்புறம் குளிருதுன்னு சொன்னாங்க. நான் போர்வையை இழுத்து விட்டேன். கொஞ்ச நேரத்துல திணற ஆரம்பிச்சது."

"கூப்பிட்டாளா என்னை?"

"கூப்பிட்டாங்க."

அவர் தலையை ஆட்டினார். டப்பாவைத் திறந்து அச்சை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கீழ்த்தாடை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மா எழுந்து அதை அவர் கையிலிருந்து வாங்கி ஈரத்துணியில் மறுபடி சுற்றி வைத்தார். பிறகு போகாமல், எதிரில் இருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். மெழுகு வேலைக்கு வரும் பெண் சாப்பாட்டு டப்பாவோடு உள்ளே வந்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் சமையலறைப் பக்கம் போனாள்.