அடுப்பை இப்போது யார் ஊதுகிறார்கள்?

பல்லா மேடம் இறந்துவிட்டாராம்.

ஆஸ்பத்திரி வாட்ஸப் குரூப்பில், யாரோ கேக் வெட்டும் போட்டோவுக்குக் கீழே இருந்தது செய்தி. மூன்று முறை படித்தேன்... அதே பெயர்தான்.

மேடம் எங்கள் ஆஸ்பத்திரியில் அனஸ்தீசியா டாக்டர். நான் ரெக்கார்ட் செக்‌ஷன் கிளார்க். எனக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒருநாள் இன்டர்காமில் கூப்பிட்டு, "சுதா ஜி, உங்களுக்குத் தமிழ் நல்லா வருமா?" என்று அவர் கேட்கும் வரை.

டெல்லி ஆர்.கே.புரத்தில் பிறந்து வளர்ந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது! என் தமிழை அம்மா இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் "வரும் மேடம்" என்று சொல்லிவிட்டேன்.

பேஷன்ட் பெயர் அஞ்சலை. விழுப்புரம் பக்கம். கட்டட வேலை, ஜுக்கிக் குடிசையில் வீடு, நிறைமாதம். ஹிந்தி நாலு வார்த்தைக்கு மேல் வராது.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொண்டே போகிற வியாதி அவளுக்கு. ஏற்கெனவே ஒருமுறை வாய் கோணி, பேச்சு நின்று, திரும்பி வந்திருக்கிறது. பிரசவத்தில் இன்னொரு தடவை வந்தால்... அதுதான் எல்லோருக்கும் பயம்.

மேடம் கேட்ட முதல் கேள்வி: "அடுப்பு ஊதும்போது கை மரத்துப்போகுமான்னு கேளுங்க."

இதென்ன கிறுக்குத்தனம் என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்.

அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, இது எப்படிக்கா அந்தம்மாவுக்குத் தெரியும்? ஊதினா சோத்துக்கை விட்டுப்போவும். வேலைக்கு பயந்துகினு நடிக்கிறேன்னு எங்க மாமியா சொல்லும்."

வேகமாக மூச்சு விட்டால் அந்தக் குழாய்கள் இன்னும் சுருங்குமாம். அடுப்பு ஊதினாலும் சரி, வலியில் மூச்சு வாங்கினாலும் சரி, தேம்பி அழுதாலும் சரி. மேடம் சொன்னதை அப்படியே சொன்னேன். "அழவே கூடாது, புரியுதா?" என்று நானாகவும் கொஞ்சம் அதட்டி வைத்தேன்.

ஆபரேஷன் அன்று எனக்கும் ஒரு பச்சை கவுன் மாட்டிவிட்டார்கள். முழு மயக்கம் கிடையாது, முதுகில் ஊசி மட்டும். ஆள் விழித்திருந்து பேசினால்தான் மூளை சரியாக இருக்கிறதா என்று தெரியுமாம். "பி.பி.யை மெஷின் பார்த்துக்கும். பேச்சை நீங்க பாருங்க. குழறினா ஜல்தி சொல்லுங்க" என்றார். என்னை நம்பி!

என்னத்தைப் பேசுவது? உங்கள் பக்கம் தண்ணீர் லாரி ஒழுங்காக வருகிறதா என்று கேட்டுவைத்தேன்.

தப்பான கேள்வி. வரிசையில் தன் கேனைத் தள்ளிவைத்த பக்கத்து வீட்டுக்காரியைக் கிழிக்க ஆரம்பித்தாள் அஞ்சலை... மேடம் மானிட்டரைப் பார்த்துவிட்டு, "அரே, அப்படி என்ன பேசறீங்க? பி.பி. ஏறுது! வேற ஏதாவது பேசுங்க!"

அப்புறம் குழந்தை அழுதது. பெண்.

அஞ்சலை பேச்சை நிறுத்திவிட்டாள். கூப்பிட்டேன். பதிலில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். எனக்கு உயிரே போய்விட்டது. "மேடம், பேசமாட்டேங்கறா!"

மேடம் குனிந்து, தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். அஞ்சலையும் தூக்கினாள். இரண்டும் ஒரே உயரம். மூளையில் ஏதாவது ஆகியிருந்தால் ஒரு கை தாழ்ந்துவிடுமாம்.

உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. "நீதானக்கா அழக்கூடாதுன்ன..."

அதை ஹிந்தியில் சொன்னேன். மேடம் அவள் நெற்றியில் கை வைத்து, "மெதுவா அழச் சொல்லுங்க. நான் பார்த்துக்கறேன்" என்றார்.

அதற்கப்புறம் மேடம் பழைய ஃபைல் தேடிக் கீழே எங்கள் செக்‌ஷனுக்கு வரும்போதெல்லாம் ஒரே விசாரணைதான். "அடுப்பை இப்ப யார் ஊதறாங்க?"

"புருஷன்தான் மேடம்."

ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பார். அந்த ஊதுகிற விஷயம் அவருக்கு முதலில் எப்படித் தெரிந்தது... புத்தகத்திலா, இல்லை வேறு ஒருத்தி சொல்லியா? கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். கேட்கவில்லை.

காலையில் அஞ்சலைக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. "அஞ்சலை! பேசுடி! ரெண்டு கையையும் தூக்கு, பாப்போம்!"

"தூக்கிட்டேன்க்கா... மெதுவாத்தான் அழுவுறேன்."

நமஸ்தே மேடம்.