மூன்று நாட்டுச் சட்டை

ஐம்பத்தோரு வயதில் ஒருவன், ஒரே மின்னஞ்சலைப் பலருக்கு ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாமல் அனுப்புவது எப்படி என்று பத்தாம் வகுப்பு படிக்கும் தன் மகளிடம் கேட்டான் என்றால், அவனைப் பற்றி நல்ல அபிப்பிராயம் ஏற்பட வழியில்லை. அந்த ஆள் நான்தான். அதையும் கேட்டது அனுப்பி முடித்த பிறகு. "டூ லேட் அப்பா, தே ஹேவ் ஆல் சீன் இட்" என்றாள் தலையைத் தூக்காமலே. அந்தத் தவறுக்குக் கிடைத்த வெகுமதி அமெரிக்காவில், எடிசன் என்ற ஊரில் என் வீட்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒரு கைக்குழந்தைச் சட்டை. வெளிர் மஞ்சள் பனியன் துணி, நெஞ்சில் நீல நூலில் சின்னதாக ஒரு படகு. கழுத்தின் உள்பக்கத்து லேபிளில், எந்த நாட்டில் தயாரானது என்று ஒரு பெயர் இருக்க வேண்டிய இடத்தில், இந்தியா, வங்கதேசம், இலங்கை என்று மூன்று பெயர்கள்.

அனுப்பியவர் என் அக்காவின் கணவர். திருப்பூரில் நாற்பது மெஷின் போட்டுக் குழந்தைத் துணி தைத்துக்கொண்டிருந்தார். அதை வாங்கி இங்கே கடைகளுக்கு விற்கும் கம்பெனியில் கொள்முதல் வேலை எனக்கு. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே சட்டையை மூன்று நாடுகளில் பிரித்துத் தைக்கக் கொடுப்போம். விலையைக் குறைக்க வேண்டுமென்றால் மூவருக்கும் தனித்தனியாக ஒரே வாக்கியத்தை எழுதுவோம்: 'உங்கள் பக்கத்து நாட்டுக்காரர் ஏற்கெனவே சம்மதித்துவிட்டார்.' அது உண்மையா என்று யாரும் கேட்டதில்லை. பயத்தில் கேட்கவும் தோன்றாது. பன்னிரண்டு வருடம் அந்த ஒரு வாக்கியத்தை எழுதியே நியூ ஜெர்சியில் வீடு வாங்கியவன் நான். இலக்கியம் எழுதி யாருக்கும் இவ்வளவு கிடைத்ததில்லை.

இறக்குமதி வரியை இந்த நாடு திடீரென்று ஏற்றியபோது, அந்தச் சுமையைத் தைப்பவர்கள் தலையில் வைக்க வேண்டும் என்று கம்பெனியில் முடிவானது. வழக்கமான வாக்கியத்தை எழுதினேன். அவசரத்தில் திருப்பூர், டாக்கா, கொழும்பு மூன்று முகவரிகளையும் ஒரே வரிசையில் போட்டு அனுப்பிவிட்டேன். இன்னும் வாயையே திறக்காத மூன்று பேரும், மற்ற இருவரும் சம்மதித்துவிட்டதாக ஒரே கடிதத்தில் படித்தார்கள்.

மாமா என்னைத் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் நெடுநேரம் சிரித்தார். "மாப்ளே, இத்தன வருசமா அந்த டாக்காக்காரரு யாரு, எப்படி இருப்பாருன்னு தெரியாமயே பயந்துட்டு இருந்தனப்பா. நீ அட்ரஸே குடுத்துப்போட்ட." மறுநாளே டாக்காவுக்கும் கொழும்புக்கும் எழுதி, நம்பர் வாங்கிப் பேசியிருக்கிறார். டாக்காக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியரைப் போன்ற அமைதியான மனிதர். மாமாவின் ஆங்கிலமும் அவருடைய ஆங்கிலமும் ஒரே உயரத்தில் இருந்ததால் சண்டையே வரவில்லை. கொழும்பு அம்மையார் தமிழர். சனிக்கிழமை தோறும் மூவரும் வீடியோவில் பேசினார்கள். மூன்று அரசுகளும் தனித்தனியாக ஆளனுப்பித் தனித்தனியாக வரிக்குறைப்பு கேட்டுக்கொண்டிருந்த சமயம் அது. "கவருமெண்டு தனித்தனியாத்தான் போய் நிக்கும். நாமளாவது சேந்து நிப்பம்" என்றார் மாமா. அவர்கள் வகுத்த விதி ஒன்றுதான்: ஒருவரிடமிருந்து பிடுங்கிய ஆர்டரை மற்ற இருவரும் தொடக்கூடாது. மூன்று ஊர்களிலும் இன்னும் சில சிறு முதலாளிகள் சேர்ந்துகொண்டார்கள். விலை குறையாது என்று மூவரும் கையெழுத்திட்ட ஒரே கடிதம் எங்கள் கம்பெனிக்கு வந்தது. கூடவே இந்தச் சட்டை. துணி திருப்பூரில் பின்னியது, தையல் டாக்கா, படகு கொழும்பு. கடைசியில் திருப்பூருக்கே வந்து லேபிள் தைத்து, மாமா கையால் கூரியரில் போட்டது. இங்கத்திய சுங்க விதிப்படி இப்படி லேபிள் போட்ட ஒரு சட்டையைக்கூட விற்க முடியாது. அது மாமாவுக்கும் தெரியும்.

பிறகுதான் வரி விகிதம் நாட்டுக்கு நாடு மாறியது. இந்தியாவுக்கு மட்டும் மிக அதிகம். பக்கத்து நாடுகளுக்கு அவ்வளவில்லை. மாமாவிடமிருந்த ஆர்டர் முழுவதையும் பிடுங்கி டாக்காவுக்கும் கொழும்புக்கும் மாற்றச் சொன்னது என் கம்பெனி. அந்த இருவரும் மறுத்தார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு நம்ப முடியவில்லை. மடியில் வந்து விழும் வேலையை, முகத்தை நேரில் பார்த்திராத ஒரு திருப்பூர்க்காரருக்காக இரண்டு பேர் ஐந்து வாரம் வேண்டாமென்றார்கள். "அண்ணன்ட ஆர்டர நாங்க எடுக்க மாட்டம்" என்று கொழும்பு அம்மையார் என்னிடமே சொன்னார்.

என் மேலதிகாரி சென்னைப் பெண்மணி. கோபமே படாதவர். "ஃபால் ஆர்டரை எங்கயாவது ப்ளேஸ் பண்ணுங்க. இல்லைன்னா உங்க பொசிஷனை என்னால ஹோல்ட் பண்ண முடியாது" என்று, காப்பி வேண்டுமா என்று கேட்கும் குரலில் சொன்னார். ஃபால் என்றால் இலையுதிர்காலம்; மாமாவிடமிருந்து பிடுங்கிய ஆர்டர்தான் அது. கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடமாக நிற்பவன் நான். வேலை போனால் இரண்டு மாதத்தில் வீட்டையும் நாட்டையும் விட்டு, மகளைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். டர்ன்பைக் நெடுஞ்சாலை ஓரத்தில் எங்கள் கிடங்கின் வாசலில் காரை நிறுத்தி, டாக்காவுக்குப் போன் செய்தேன். "மாமா வேறு ஆர்டர் பிடித்துவிட்டார். நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்லச் சொன்னார்" என்றேன். பன்னிரண்டு வருடமாக எழுதிய அதே வாக்கியம்தான். முதல் முறையாக அதை வாயால், சொந்தக்காரன் குரலில் சொன்னேன்.

அந்த வாரம் ஆர்டர் டாக்காவுக்குப் போனது; மிச்சம் கொழும்புக்கு. ஞாயிற்றுக்கிழமை மாமாவே கூப்பிட்டார். அக்காவின் முதுகுவலி, அங்கே மழை, என் மகளின் படிப்பு என்று எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார்: "டாக்காக்காரரு போன் பண்ணுனாரு. நீங்க சொன்னீங்களாமே, நெசமான்னு கேட்டாரு. ஆமாங்க, நாந்தான் சொன்னேன்னு சொல்லிப்போட்டனப்பா." "ஏன் மாமா?" என்றேன். "பின்ன என்ன பண்றது? அந்த மனுசன் உன்ற மூஞ்சிக்காகத்தான் நம்புனாரு. நான் இல்லைன்னு சொல்லியிருந்தா இனி ஒருத்தரையும் நம்பமாட்டாரல்லோ" என்றார். என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தீபாவளிக்கு முன் மாமா தன் கம்பெனியை மூடினார். மெஷின்கள் ஒவ்வொன்றாகப் போயின. சனிக்கிழமை பேச்சு நின்றது. யாரும் யாரையும் குறை சொல்லி நிறுத்தவில்லை, பேச விஷயமில்லாமல் நின்றது. தை பிறந்து சில நாளில், காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா அப்படியே சாய்ந்துவிட்டார். விசா சிக்கல் என்று காரியத்துக்கு நான் போகவில்லை. போனால் திரும்ப வர முடியாது என்று வக்கீல் சொன்னதென்னவோ உண்மை. அவர் சொல்லாமலிருந்தாலும் போயிருப்பேனா என்று என்னை நானே கேட்டுப் பார்ப்பதில்லை. டாக்காக்காரர் அக்காவுக்குப் போன் செய்து, மொழி தெரியாமல் அழுதாராம்.

போன மாதம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாமா கம்பெனியில் இருபது வருடம் செக்கிங் பார்த்தவள். ஒவ்வொரு சட்டையும் அவள் கை பட்டுத்தான் பெட்டிக்குள் போகும். ஒரு மதியம் இழுப்பறையைத் திறந்து சட்டையை அவள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று இருந்தேன். மூன்று பெயர்களை விரலால் தடவி அழுவாள், நானும் அழலாம் என்று ஒரு கணக்கு. அவள் லேபிளைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சட்டையை உள்வெளியாகத் திருப்பி, கழுத்தில் இரண்டு கட்டைவிரலையும் விட்டு இழுத்தாள். குழந்தைச் சட்டையில் முதல் சோதனை அதுதான். எனக்குச் சம்பளம் கொடுப்பதே அதற்குத்தான். இத்தனை நாளில் நான் இழுத்துப் பார்த்ததில்லை.

"கழுத்து சின்னதுடா. குழந்தை தலை நுழையாது" என்றாள்.

பிறகு சட்டையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "அன்னைக்கே உங்க மாமாகிட்டச் சொன்னேன். பரவால்ல விடு, இத யாரும் போடப் போறதில்லைன்னாரு."