ஏழு சிவப்பு அம்புகள்

நான்காம் வகுப்புக் காலாண்டு விடுமுறையில் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி எங்கள் வீட்டில் இன்னும் "பாவம், தெரியாம பண்ணிட்டா" என்றுதான் சொல்கிறார்கள். சுத்தப் பொய். நன்றாகத் தெரிந்துதான் செய்தேன்.

அம்மா வேலைக்குப் போய்விடுவதால் விடுமுறையில் என்னைச் சித்திதான் பார்த்துக்கொள்வாள். அவள் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் டெய்லர். எனக்கும் அங்கேதான் வாசம். தைத்து வரும் டீ-சர்ட்டுகளைச் செக்கிங் மேஜையில் விரித்துப் பார்ப்பார்கள். ஊசி குத்திய ஓட்டையோ தையல் விட்ட இடமோ இருந்தால், அதைக் காட்டி ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி, டேமேஜ் என்று தனியாகப் போடுவார்கள். அந்த ஸ்டிக்கரை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிவது என் வேலை.

ஆயுத பூஜைக்கு, அந்த மாதம் யார் தைத்ததில் டேமேஜ் குறைவோ அவருக்கு ஓனர் ஒரு குக்கர் கொடுப்பார். சித்திக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. அவள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தே வெகு நாளாகிவிட்டது. பருப்பு வேகாத கோபமெல்லாம் சித்தப்பா மேல் பாயும். கடைசியில் சித்திக்கும் ஒரு பீகார் அக்காவுக்கும்தான் போட்டி. பூஜைக்கு முந்தின நாள் மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது, சித்தியின் டேமேஜ் குவியலில் ஏழு அம்புகளை உரித்து, அந்தத் துணிகளை நல்ல கட்டுகளுக்குள் செருகிவிட்டேன். ஒன்பது வயதில் அவ்வளவு மூளை!

மறுநாள் காலையிலேயே குட்டு உடைந்தது. பெட்டியில் அடுக்கும்போது சித்தி தைத்த ஓட்டைத் துணி ஒன்று சிக்கியது. உரித்த இடத்தில் பசை அப்படியே இருந்தது. குக்கருக்காக அவளே உரித்துவிட்டாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

"உங்கள எவ்வளவு நம்பினனுங்க! நாளைக்கிருந்து வேற எடம் பாத்துக்குங்க" என்றார் ஓனர்.

சித்தி முகம் செத்துப்போய்விட்டது. "ஏழு அம்பையும் நான்தானுங்க உரிச்சேன்" என்று கத்திவிட்டு ஓவென்று அழுதேன்.

ஓனர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "அட கண்ணு! கொழந்தை தெரியாம பண்ணிருச்சு, உடுங்க." எல்லாரும் சிரித்தார்கள். தப்பித்தேன்டா சாமி என்று மூக்கைத் துடைத்துக்கொண்டேன். சித்தி மட்டும் சிரிக்கவில்லை.

"இல்லீங்க. அவ தெரிஞ்சுதானுங்க பண்ணிருக்கா. எது சரி, எது தப்புன்னு அவளுக்குப் புரியும். மிச்சம் ஆறையும் அவளே தேடி எடுக்கட்டும்."

பாவி! இவளுக்காகச் செய்யப்போய், என்னையே மாட்டிவிடுகிறாளே என்று ஆத்திரமாக வந்தது. வாழைக்கன்று கட்டிய மெஷின்களுக்கு நடுவே எல்லாரும் பொரி தின்றார்கள். நான் ஸ்டூலில் ஏறி நின்று கட்டுக் கட்டாகப் பிரித்துத் தேடினேன். எதிரே நின்று சித்தி மடித்து வைத்தாள். அவளும் ஒரு வாய் பொரி தின்னவில்லை. ஆறும் கிடைத்த பிறகுதான் மேஜையை விட்டு நகர்ந்தோம். குக்கர் பீகார் அக்காவுக்குப் போனது. பலமாகக் கை தட்டியவள் சித்திதான். எனக்குத்தான் கை எழவில்லை.

பூஜை முடிந்து கம்பெனி திறந்த அன்றும் என்னைக் கூட்டிப் போனாள். மதியம், அவளுடைய டேமேஜ் குவியலுக்குப் பக்கத்திலேயே என்னை உட்கார வைத்து, "பாத்துக்க கண்ணு, சாப்பிட்டுட்டு வந்தர்றேன்" என்று போய்விட்டாள். சுற்றிலும் ஓர் ஆள் இல்லை. நான் எதையும் தொடவில்லை. ஓர் அம்பின் முனை மட்டும் கிளம்பியிருந்தது. அதை அழுத்தி ஒட்டினேன்.

இத்தனை நடந்த பிறகும் என்னைப் போய் நம்பி விட்டுவிட்டுப் போகிறாளே, சித்திக்குச் சூதுவாதே தெரியவில்லையே என்று அன்று அவளுக்காக ரொம்பவும் பரிதாபப்பட்டேன்.