பூண்டுக்குக் குரல் கொடுத்தவர்

எங்கள் குடியிருப்பில், எங்களுக்கு நேர் எதிர் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் உள்ளேயிருந்து முதலில் ஒரு குரைப்புதான் வரும். அந்த வீட்டில் நாய் கிடையாது. குரைப்பது அந்த வீட்டு அம்மாள். புதிதாக வந்த ஒரு பால்காரர் பாக்கெட்டுகளைப் படியிலேயே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்.

அவர் டப்பிங் கலைஞர். தொலைக்காட்சியில் மாலைதோறும் வந்த ஒரு கார்ட்டூனில் நாய்க்குக் குரல் கொடுத்தவர். எங்கேயோ வெளிநாட்டில் வரைந்த தொடர் அது. நாயின் அசல் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. குட்டையாய், வெள்ளை வெளேரென்று, உச்சியில் ஒரு கூர்க்குடுமியோடு இருந்ததால் தமிழில் அதற்குப் பூண்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அவர் பூண்டு அத்தை.

அவர் கணவருக்கும் அதே தொழில்தான். அந்தத் தொடரில் பூண்டோடு தினமும் மல்லுக்கு நிற்கும் தபால்காரரின் குரல் அவருடையது. ஆகவே அவர் தபால் மாமா. தபால்காரர் வாசலுக்கு வருவார், பூண்டு அவர் கால்சட்டையைக் கவ்வும், இருவரும் வாய்க்கு வாய் திட்டிக்கொள்வார்கள், கடைசியில் தபால் பை சேற்றில் விழும். என்றைக்கும் இதே கதைதான். ஆனாலும் என் இரண்டு மகள்களும் அன்றுதான் புதிதாகப் பார்ப்பதுபோல உருண்டு உருண்டு சிரிப்பார்கள்.

"அடேய் அரை டிக்கெட்டு! உன்னைப் பார்சல் கட்டி அனுப்பலைன்னா என் பேரை மாத்திக்கறேன்டா!" என்பார் தபால்காரர்.

"முதல்ல உன் பேன்ட்டை மாத்துடா, பின்னாடி காத்து வாங்குது!" என்று பூண்டு விழுந்து விழுந்து சிரிக்கும்.

அந்தச் சிரிப்பு அத்தையின் சொந்தச் சிரிப்பு. மூச்சு முட்டி, நடுவில் ஒரு விக்கல் வந்து, மறுபடி தொடரும். "வீட்டுல இவரை வாங்க, போங்கன்னுதான் கூப்பிடறேன். மைக் முன்னாடி போனா டேய் போடலாம். அதுக்காகவே நான் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை" என்று அவர் சொல்ல, மாமா, "வீட்டுல வாயைத் திறக்க விட்டாத்தானே நான் திருப்பித் திட்ட!" என்பார். பிள்ளை இல்லாத வீடு என்று யாரும் சொல்ல முடியாது. மாலையானால் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

ஒரு நாள் மாமாவுக்குத் தொண்டை கட்டியது. சளி என்று நினைத்தார்கள். வெந்நீர், கசாயம், மாத்திரை என்று எல்லாம் பார்த்தாயிற்று. கட்டியது இளகவே இல்லை. பெரிய மருத்துவமனையில் குரல்வளையில் கட்டி என்றார்கள். உயிர் வேண்டுமென்றால் குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும், வேறு வழியில்லை என்றார்கள்.

மருத்துவமனைக்குக் கிளம்பும் அன்று பிள்ளைகள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கு விவரம் தெரியாது. "மாமா, திட்டுங்க மாமா!" என்றன. அவர் பெட்டியைக் கீழே வைத்தார். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, அதற்கென்று ஒரு புது வசவு கண்டுபிடித்துத் தபால்காரர் குரலில் திட்டினார். குரல் கரகரத்து உடைந்தது. அத்தை, "போதுங்க" என்றார். அவர் கேட்கவில்லை. என் சின்னவள்தான் கடைசி. அவளைத் திட்டும்போது பாதியில் காற்று மட்டும்தான் வந்தது. அதற்கும் அவள் கைகொட்டிச் சிரித்தாள்.

திரும்பி வந்தபோது கழுத்தில் ஒரு துளை. அதன் வழியாகத்தான் மூச்சு. மேலே மெல்லிய துணி ஒன்று கட்டியிருந்தார். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரே ஒரு முறை வைத்துப் பார்த்தார். தகரத்தை உரசுவது போல ஏதோ வந்தது. அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஆனால் அத்தைக்கு அது தேவைப்படவில்லை. திரையில் அசையும் உதட்டைப் பார்த்து, அது மூடும் இடத்தில் சொல்லை முடிப்பதுதான் அவர் காலமெல்லாம் செய்த வேலை. மாமாவின் உதடு அசைந்தால் போதும், என்ன சொல்கிறார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். யாராவது வந்திருந்தால் மாமா வாயசைப்பார், அத்தை கூடவே அதைச் சொல்லிக்கொண்டு வருவார். "உக்காரச் சொல்றார்." "டீயில சக்கரை போதுமான்னு கேக்கறார்." கொஞ்ச நாளில் 'சொல்றார்', 'கேக்கறார்' எல்லாம் போய், நேராக அவர் பேச்சையே பேச ஆரம்பித்துவிட்டார்.

மற்றபடி அந்த வீட்டில் பேச்சு அடங்கிப்போனது. குரல் போன மனிதர் முன்னால் வாயடிக்கக் கூடாது என்று அத்தை நினைத்திருக்க வேண்டும். பாத்திரத்தைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தார். கதவைத் தட்டினால் காலடி ஓசை மட்டும் வந்தது.

புதிய பகுதிகளில் தபால்காரருக்கு வேறொரு ஆள் குரல் கொடுத்தார். அத்தை தலையைக் குனிந்துகொண்டு போய், தன் பங்குக்குச் சிரித்துவிட்டு வந்தார். மாலையில் ஓடியவை பழைய பகுதிகள். மாமா தவறாமல் தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அந்த நேரம் பார்த்து அத்தை எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்து, கேட்காமலே எதையாவது நறுக்கிக்கொடுப்பார்.

"தன் குரலைத் தானே கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கார். எனக்குப் பாக்க முடியலை" என்றார் ஒருமுறை.

அந்தச் சமயத்தில்தான் சேனலில் ஒரு முடிவெடுத்தார்கள். புதியதில் ஒரு குரல், பழையதில் ஒரு குரல் இருந்தால் பிள்ளைகளுக்குக் குழப்பமாம். பழைய பகுதிகள் எல்லாவற்றையும் புதிய ஆளை வைத்து மறுபடி டப்பிங் செய்யச் சொன்னார்கள். இருவர் குரலும் ஒன்றாகப் பதிவாகியிருந்ததால் பூண்டுக்கும் மறுபடி பேச வேண்டும், அதற்கு அத்தையேதான்.

டப்பிங் இயக்குநர் நல்ல மனிதர். அவருக்கும் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கிறது. "எங்க கையில ஒண்ணுமில்லைம்மா. சொன்னதைச் செய்யறோம், அவ்வளவுதான்."

"அவர் பேசினதோட காப்பி ஒண்ணாவது குடுங்க சார்."

"எங்ககிட்ட இல்லையேம்மா. எல்லாம் சேனல்காரங்க சொத்து."

அத்தை ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அவர் குரலை அழிக்கற வேலைக்கு என் வாயைத் தர மாட்டேன் சார்." அதோடு எழுந்து வந்துவிட்டார். படிக்கட்டில் என்னிடம் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது. "அவர்கிட்ட சொல்லிடாத. கொஞ்ச நாள் வேலை இல்லைன்னு மட்டும் சொல்லியிருக்கேன்" என்றார்.

மழைக்காலத்தில் ஒரு மாலை, புதுக் குரல்களோடு தொடர் தொடங்கியது. என் மகள்கள் இருவரும் எழுந்து எதிர் வீட்டுக்கு ஓடினார்கள். "அத்தை! பூண்டுக்குச் சளி பிடிச்சிருக்கு!"

நானும் பின்னாலேயே போனேன். அன்று அத்தை எங்கள் வீட்டுக்கு வராமல் அங்கேயே இருந்தார், மாமா நாற்காலியில் இருந்தார். திரையில் தபால்காரர் வேறு குரலில் கத்திக்கொண்டிருந்தார். மாமா அதற்கு அசையவே இல்லை. இது என்றைக்கோ வரும் என்று எதிர்பார்த்தவர் போல இருந்தார். அப்போது பூண்டு வாயைத் திறந்தது. யாரோ ஒரு சின்னப் பெண்ணின் குரல். சிரிப்பு கிணுகிணுவென்று அழகாகத்தான் இருந்தது. மாமா சடாரென்று எழுந்து அத்தையைப் பார்த்தார். உதடுகள் வேகமாக அசைந்தன.

பழக்கதோஷம். அத்தை எங்களுக்காக அதை வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"நீ எங்க போயிட்ட? ஏன் வேற யாரோ பேசறா? ... எனக்காகவா? என் குரலைக் கேக்கவா நான் தினம் இங்க உக்காந்தேன்னு நினைச்ச? அதைத்தான் நான் கேட்டுக் கேட்டுச் சலிச்சவனாச்சே. நீ சிரிக்கறதைக் கேக்கத்தான்டி உக்காந்தேன். வீட்டுல நீ சிரிச்சு எத்தனை நாளாச்சு? அந்தப் பெட்டியிலதான் நீ சிரிச்சுக்கிட்டிருந்த. அதையும்..."

அதற்குமேல் அத்தையால் சொல்ல முடியவில்லை. மாமாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. மிச்சம் என்னவென்று எங்களுக்குத் தெரியாது. நான் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

மறுநாள் அத்தை ஸ்டுடியோவுக்குப் போய், பூண்டுக்குத் தானே பேசுவதாகக் கேட்டுப் பார்த்தார். அந்தப் பெண்ணை வைத்து வேலை பாதிக்குமேல் முடிந்திருந்தது. இயக்குநர் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

அன்று மாலை அத்தையே பெட்டியைப் போட்டு, சத்தத்தை முழுவதும் குறைத்தார். மாமாவின் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையில் பூண்டு வாயைத் திறந்ததும் இவரும் பேசினார். முதலில் குரல் எழும்பவில்லை. தொண்டையைச் செருமி மறுபடி தொடங்கினார். வசனம் எல்லாம் மனப்பாடம். தபால்காரர் பேசும் இடம் வந்ததும் நிறுத்திக் காத்திருந்தார். அந்த இடைவெளியில் மாமா வாயசைத்தார். ஒரு சொல்கூட இடம் தவறவில்லை. "முதல்ல உன் பேன்ட்டை மாத்துடா!" என்று அத்தை கத்தினார். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் அழுகைதான் வந்தது. மாமா அவர் முழங்காலில் தட்டி, இன்னொரு முறை என்று விரலைக் காட்டினார். விக்கலோடு அந்தப் பழைய சிரிப்பு வர இன்னும் சில நாட்கள் ஆயின. வந்த அன்று எங்கள் வீடுவரை கேட்டது.

அந்தச் சந்தோஷம் கோடைவரைக்கும்தான் இருந்தது. நோய் நுரையீரலுக்கு இறங்கிவிட்டது. மருத்துவமனையில் ஒரு காலை நேரத்தில் மாமா போய்ச் சேர்ந்தார். கடைசியில் ஏதோ வாயசைத்தாராம். தீவிர சிகிச்சைப் பிரிவில் அத்தையைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவிட்டதால் உதடு தெரியவில்லை. "எல்லார் உதட்டையும் படிச்சேன். அதை மட்டும் படிக்க முடியலை" என்று அத்தை என் தோளில் சாய்ந்துகொண்டார்.

அத்தை இப்போதும் டப்பிங்குக்குப் போகிறார். சீரியல் மாமியார்கள், சந்தைக் கூச்சல், பிரசவ வலியில் கத்தும் பெண்கள் என்று எது கொடுத்தாலும் பேசுகிறார். நாய் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். ஒருநாள் என் சின்னவள் அவர் மடியில் படுத்துக்கொண்டு, "ஒரே ஒரு தடவை பூண்டு மாதிரி பேசுங்க அத்தை" என்று கெஞ்சினாள். அத்தை அவள் தலைமுடியைக் கோதிக்கொண்டே இருந்தார்.

"எதிர்ல திட்டறதுக்கு ஆள் வேணும்டா கண்ணு" என்றார். "தனியா அதுக்குப் பேச வராது."