நாற்பத்து மூன்றாவது ராடு

ஆசியப் பாடல் திருவிழாவுக்கு இந்தியாவின் சார்பில் போன மோகன்குமாருக்குப் பாடத் தெரியாது. அதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. "எனக்குத் தாலாட்டுக்கூட வராதுங்க. என்ற புள்ளைக ரெண்டும் கம்ப்ரசர் சத்தத்துலதான் தூங்குச்சுக" என்று டெல்லியிலிருந்து வந்த நிருபரிடமே சொன்னார். நிருபர் அதைத் தன்னடக்கம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

திருச்செங்கோட்டில் ஓட்டு வீடு, மனைவி மைதிலி, இரண்டு பெண் பிள்ளைகள், வயது நாற்பத்தொன்று, இடது காது பாதிச் செவிடு. தொழில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். லாரியின் பின்னால் நின்று லீவரைப் பிடித்து, இருபதடி இரும்புக் குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பூமிக்குள் இறக்குகிற வேலை. அந்தக் குழாய்க்குப் பெயர் ராடு. ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் எண்ணை உரக்கக் கத்த வேண்டும். கூலி அடிக்கணக்கில் என்பதால், நிலத்துக்காரர் காதில் விழாத ராடு கடைசியில் அடிதடியில் போய் நிற்கும். இப்படி இருபத்திரண்டு வருடமாக ராஜஸ்தானில், சத்தீஸ்கரில், கென்யாவில் எல்லாம் நின்று எண்ணியிருக்கிறார். அவர் பாஸ்போர்ட்டில் இருக்கிற முத்திரை அந்த ஊர் இன்ஜினியரிங் கல்லூரி முதல்வரிடம் கிடையாது. ஆனால் எந்த தேசத்துக்குப் போனாலும் அவர் பார்த்தது ஒரே ஒரு ஆறரை இன்ச் ஓட்டையைத்தான்.

போன வருடம் அந்த ஓட்டை அவரைக் கைவிட்டது. வரிசையாக ஏழு குழி, ஏழிலும் புகை. தண்ணீர் இல்லாத குழியிலிருந்து கல்மாவு வெள்ளையாகக் கிளம்பி, ஆள், லாரி, பக்கத்துத் தென்னை எல்லாவற்றின் மேலும் படியும். அதைத்தான் இந்தப் பக்கம் புகை என்பார்கள். ஒரு குழியில் புகை வந்தால் பூமியின் குற்றம். இரண்டு வந்தால் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவரின் குற்றம். ஏழு வந்தால் டிரில்லரின் கைராசி. இதில் மேல்முறையீடு கிடையாது.

ரிக் முதலாளி சின்னுசாமி நல்ல மனிதர். திட்டவில்லை.

"உன்ற மேல ஒரு தப்பும் இல்ல சாமி. வேலைல உன்னைய மாதர ஆளு இல்ல. ஆனா உன்ற கையி இருக்குதே..."

"கைக்கு என்னுங்க?"

"கைய ஒண்ணுஞ் சொல்லல. அது கெடக்குது. நீ கொஞ்ச நாளைக்கு ஷெட்டுல இரு. கிரீஸ் வெய்யி."

இருபத்திரண்டு வருட டிரில்லர் கிரீஸ் வைப்பது, சமையல்காரரை இலை எடுக்கச் சொல்வது மாதிரி. மோகன்குமார் மூன்று மாதம் கிரீஸ் வைத்தார். ஷெட்டிலிருந்து வண்டி கிளம்புகிற ஒவ்வொரு காலையிலும் வேறு யாராவது லீவர் பக்கம் ஏறுவதை, கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். உலகத்தில் அவருக்கு வேண்டியிருந்தது அந்த இடம் ஒன்றுதான்.

ஏழாவது புகை வந்தது சேலம் அம்மாப்பேட்டையில், மின்சாமான் கடை வைத்திருக்கும் கலீல் ரஹ்மான் வீட்டு வாசலில். அவருடைய மகள் அஸ்பியாவுக்கு அப்போது பரீட்சைக் காலம். சத்தத்தில் ஒரு வரி படிக்க முடியவில்லை. கலெக்டருக்குப் புகார் அனுப்பலாம் என்று மொட்டை மாடியில் நின்று முழுவதையும் போனில் பதிவு செய்தாள். புகார் எழுத உட்கார்ந்தவளுக்குச் சத்தம் பிடித்துப்போய்விட்டது. பரீட்சையை விட்டுவிட்டு, குழாய் நுனிச் சுத்தியல் பாறையில் மோதுகிற சத்தத்தை வெட்டி ஒட்டி, கம்ப்ரசர் உறுமலை அடியில் ஓடவிட்டு, நடுநடுவே மோகன்குமாரின் குரலைப் போட்டாள். "நாப்பது... எறக்கு. நாப்பத்தொண்ணு... எறக்கு." நாற்பத்து மூன்றாவது ராடில் கலீல் ரஹ்மான், "தம்பி, போதும்பா, பூமி அந்தப் பக்கம் வந்துரும்" என்கிறார். மோகன்குமார், "போதும், நிறுத்து" என்கிறார். அந்த இடத்தில் தாளம் இடி மாதிரி வந்து விழும். கேட்கிறவன் எழுந்து ஆடாமல் இருக்க முடியாது.

குழுவுக்குக் 'கம்ப்ரசர்' என்று பெயர் வைத்தாள். குழு என்றால் அவள் ஒருத்திதான். நாடு முழுவதும் நடந்த தேர்வில் பாட்டு முதலாவதாக வந்தது. தேர்வுக் குழுவில் ஒருவருக்கும் தமிழ் தெரியாதது பெரிய உதவி. "நாப்பத்தி மூணு" என்பது தொன்மையான ஏதோ மந்திரம் என்று ஒரு நடுவர் பேட்டியில் கண்கலங்கினார்.

திருச்செங்கோட்டில் நிலைமை வேறு. வெளியூர்க்காரர்கள் அந்தத் தாளம் விழுகிற இடத்தில் ஆடினார்கள். உள்ளூரில், சுத்தியல் காய்ந்த பாறையில் மோதுகிற ஓசையைப் பிறந்த குழந்தையும் அறியும். டீக்கடையில் யாருடைய போனாவது அந்தப் பாட்டில் அடித்தால், "பாவம், ஆரு காட்டுல புகையோ" என்பார்கள். கூடவே, "மோகனோட எட்டாவது புகை டிவில வருதாமா" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள்.

போட்டியில் இரண்டு விதிகள் கறாரானவை. பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. குரல் மேடையில் நேரடியாக ஒலிக்க வேண்டும். இரண்டாவது விதிக்காக அஸ்பியா ஷெட்டுக்கே வந்தாள்.

"அண்ணா, நீங்க கஜகஸ்தான் வரணும். அல்மாட்டின்னு ஒரு ஊர்."

"அங்க எத்தன அடில தண்ணி அம்மிணி?"

"தண்ணிக்கு இல்லண்ணா. மேடையில எண்ணணும். நாப்பத்தி மூணு வரைக்கும், அப்புறம் 'நிறுத்து'. அவ்வளவுதான்."

மோகன்குமார் மறுக்கத்தான் நினைத்தார். தன் அவமானத்துக்குத் தானே போய்ப் பின்பாட்டுப் பாடுவதா? குறுக்கே புகுந்தவர் சின்னுசாமி. "போயிட்டு வாப்பா. செயிச்சிட்டு வந்தீன்னா ராசி திரும்பீருச்சுன்னு அர்த்தம். அடுத்த நாளே வண்டி உன்றதுதான்." அதற்குமேல் மோகன்குமாருக்கு யோசிக்க எதுவும் இல்லை.

மைதிலிக்கு இருந்தது. "ஏனுங்க, கத்தறதுக்கு அத்தன தூரம் போகோணுமா? இங்க அன்னாடும் கத்தறீங்க, ஆரு கை தட்டுனா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு தூக்கு நிறைய வெல்லக் கச்சாயமும் இரண்டு கிலோ வறுத்த கடலையும் பெட்டியில் வைத்தாள். கலீல் ரஹ்மான் விமான நிலையம் வரை வந்து, "எங்க ஊட்டுக் குழியில தண்ணிதான் வரல. பாட்டாவது வந்துச்சே தம்பி" என்று வழியனுப்பினார்.

அல்மாட்டியில் இருபத்திரண்டு நாட்டுக்காரர்கள். பறவை வேடத்தில் ஒருவர், தீப்பந்தத்தோடு நான்கு பேர், காரணமே இல்லாமல் அழுகிற ஒரு பெண். மோகன்குமார் காக்கிச் சட்டையில், ஒரு காதில் பஞ்சோடு நின்றார். நல்ல உடை அலங்காரம் என்று எல்லோரும் பாராட்டினார்கள். அமைதியான இடத்தில் அவருக்குக் குரல் எழும்பாது என்பதால், மற்றக் காதில் மாட்டிய கருவியில் அவருக்கு மட்டும் கம்ப்ரசர் சத்தம் ஓடுகிற மாதிரி அஸ்பியா ஏற்பாடு செய்திருந்தாள். அது ஓடத் தொடங்கியதும் கை தானாக லீவரைத் தேடும்.

முதல் இரண்டு ஒத்திகையும் பழுதில்லை. மூன்றாவது முழு ஒத்திகை. அவர் "நாப்பத்தி மூணு" என்றதும், காலடியில் இருந்த துவாரங்கள் வழியாக வெள்ளையாகக் கிளம்பியது புகை. மோகன்குமார் காதுப் பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

அஸ்பியா பின்னாலேயே ஓடினாள். "அண்ணா, அது ஐஸ் புகை. ஒண்ணும் பண்ணாது. நாத்தம்கூட இல்ல."

"நாத்தமில்லாட்டி புகை இல்லியா? ஊரே பாக்கும். மொதலாளி பாப்பாரு. அத்தன தூரம் போயும் இவன் புகையத்தான் கெளப்புனான்னு சொல்ல மாட்டாங்களா?"

"அங்க இருக்கறவங்களுக்கு அது தெரியாதுண்ணா."

"எனக்கு அங்க இருக்கறவங்களா அம்மிணி வண்டி தரப் போறாங்க? புகைக்குப் பதிலா தண்ணி வெய்யச் சொல்லு."

அவள் மேடை அதிகாரியிடம் போய்க் கேட்டாள். அந்த அம்மாள் பொறுமையாகப் பட்டியலைப் புரட்டினார். மேடையில் மின்சாரம் ஓடுவதால் தண்ணீருக்கு அனுமதி இல்லை. புகையை நிறுத்தவும் முடியாது, ஒளியமைப்பு அதை நம்பித்தான் இருக்கிறது. வேண்டுமானால் புகைக்கு நீல நிறம் கொடுக்கலாம்.

"நீலமாக்கித் தர்றாங்களாம். தண்ணி கலரு" என்றாள் அஸ்பியா, நம்பிக்கை இல்லாமல்.

மோகன்குமார் கடலையைத் தின்றுகொண்டு வெகுநேரம் யோசித்தார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. "செரி, வாரேன். ஏறுனா எறங்காம பாத்துக்கறேன்" என்றார். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

போட்டி மறுநாள் மாலை. கம்ப்ரசர் பதினேழாவது. முப்பது ராடு வரை கூட்டம் வேடிக்கை பார்த்தது. முப்பத்தைந்தில் எழுந்து நின்றது. நாற்பதில் ஆடியது. நாற்பத்து மூன்றில் புகை நீலமாகக் கிளம்பி, ஒரு நொடி நின்று, பிறகு பழக்கப்பட்ட வெள்ளையாக மாறி மோகன்குமாரின் முகத்தில் அறைந்தது. "போதும், நிறுத்து" என்று சொல்ல வேண்டிய இடம் அது. ஏழு குழியிலும் சொன்ன வார்த்தைதான். வாய் திறந்தது.

"நாப்பத்தி நாலு... எறக்கு."

அஸ்பியா தலையை நிமிர்த்தினாள். தாளம் விழ வேண்டிய பொத்தானின் மேல் விரல் அப்படியே நின்றது. இசை முடிந்துவிட்டது. மேடைக்கு எதிரே இருந்த சிவப்புக் கடிகாரம் மூன்று நிமிடத்தைத் தொட்டு, தாண்டியது.

"நாப்பத்தஞ்சு... எறக்கு."

வெறும் குரல். புகைக்குள்ளே ஆள் தெரியவில்லை. அரங்கத்தில் எட்டாயிரம் பேர் கையைத் தட்டித் தட்டி, தெரியாத பாஷையில், "எரக்கூ" என்றார்கள். அவர் காதில் கம்ப்ரசர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கை, அங்கே இல்லாத லீவரை இழுத்துக்கொண்டிருந்தது.

"நாப்பத்தாறு" என்றபோது மைக்கை அணைத்துவிட்டார்கள்.

பன்னிரண்டு நொடி அதிகம். நொடிக்கு ஒரு புள்ளி அபராதம். இலங்கை மட்டும் நான்கு புள்ளி கொடுத்திருந்தது, அங்கே எண்ணிக்கையாவது புரிந்திருக்கும். நான்கிலிருந்து பன்னிரண்டைக் கழித்தால் நாட்டுக்கே மரியாதை இல்லை என்பதால் பூஜ்யம் என்று போட்டார்கள். இருபத்திரண்டில் இருபத்திரண்டாவது இடம். டெல்லி நிருபர் இந்த முறை தன்னடக்கம் என்று எழுதவில்லை.

அஸ்பியா அவரோடு விடுதிக்குத் திரும்பினாள். சாப்பாட்டு மேஜையில், கச்சாயத்தைப் பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"நாப்பத்தாறோட ஏன் நிறுத்துனீங்க?"

"நானா நிறுத்துனேன்? மைக்க அணைச்சுட்டாங்க."

"எவ்வளவு தூரம் போறதா இருந்தீங்க?"

"அம்பதுல பாத்திருக்கலாம்" என்றார் மோகன்குமார், மிகுந்த யோசனையோடு. அவள் முதலில் முறைத்தாள். பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் சேர்த்து இன்னொரு கச்சாயத்தை நகர்த்தி வைத்தார்.

ஊருக்குத் திரும்பியதும் நேராக ஷெட்டுக்குப் போய் கிரீஸ் டப்பாவைத் திறந்தார். சின்னுசாமி வந்து எதிரில் நின்றார்.

"செயிக்கலீங்க மொதலாளி."

"பாத்தேன். கடைசி."

"ஆமாங்க."

"புகையக் கண்ணால கண்டும் எறக்குனியேப்பா. நேத்துலருந்து பதினோரு காட்டுக்காரரு போன் பண்ணிட்டாரு, அந்த நாப்பத்தாறு ஆளே வரோணும்னு. கெட்ட ராசியக் கொண்டுபோயி அந்த ஊருலயே எறக்கி வெச்சுட்டு வந்துட்டீன்னு நானே சொல்லிப்போட்டேன். டப்பாவ மூடு. நாளைக்கு மோகனூரு."

மோகனூரில் ஆற்றை ஒட்டி வாழை போட்டிருக்கும் பொன்னன் என்பவரின் காடு. வண்டி போய் நிற்பதற்குள் ஐம்பது பேர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மோகன்குமார் லீவரைப் பிடித்தார். முதல் ராடை எண்ணியதும் கூட்டம் கூடவே எண்ணியது. முப்பது தாண்டியது. சுத்தியல் சத்தம் மாறவில்லை. நாற்பது. அவருடைய நல்ல காது ஒரு சிறு ஈர ஓசைக்காக ஏங்கியது. நாற்பத்து மூன்றில் புகை கிளம்பியது, கிளம்பி எல்லோர் மேலும் படிந்தது. கூட்டம் கைதட்டியது. நாற்பத்தாறு வரை எண்ணச் சொல்லிக் கேட்டு வாங்கி, அதோடு நிறுத்திக்கொண்டது. பொன்னன் தலை வெளுத்து, பல்லெல்லாம் சிரிப்பாக, மோகன்குமாரின் தோளில் கை போட்டு நின்று பத்துப் படம் எடுத்தார். சின்னுசாமி போனில் அடுத்த குழிக்குத் தேதி பேசிக்கொண்டிருந்தார்.

அன்று அந்தக் காட்டில் வருத்தப்பட்ட ஒரே ஆள் மோகன்குமார்தான். ராடுகளைக் கழற்றி ஏற்றி முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு பொன்னனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, உங்குளுக்குத் தண்ணி வேணுமா, போட்டோ வேணுமா?"

பொன்னன் வாழையைப் பார்த்தார். போனைப் பார்த்தார். "ரெண்டும் இருந்தா நல்லதுதானுங்க."

"தண்ணி வேணும்னா வடக்கால அந்தச் சரிவுல போடோணும். தேங்கா வெச்சவரு அக்கட்டால நடக்கவே இல்லீங்க. மொதலாளிகிட்டச் சொல்லி சனிக்கெழம நானே வாரேன்."

"வாங்க, வாங்க. ஆளுகளச் சொல்லி வெச்சுடறேன்."

"ஒருத்தரும் வேண்டாமுங்க" என்றார் மோகன்குமார். "ஆளுக சத்தமில்லாம இருந்தாத்தான் பாற பேசறது எனக்குக் கேக்கும்."