மாற்று ஸ்ட்ராப்

என் வீட்டுக்காரர் கையில் இருக்கிற ஸ்மார்ட் வாட்ச்சை வாங்கி அனுப்பியது பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன். அதைக் கழுவித் துடைத்து, ஸ்ட்ராப் மாற்றி, தினமும் கட்டிவிடுவது நான். நல்ல பேர் அவனுக்கு, வேலை எனக்கு. இருக்கட்டும்.

அவருக்கு இதயத் துடிப்பு சில சமயம் தாறுமாறாக ஓடும். ஒருமுறை பட்டறையிலேயே மயங்கி விழுந்தார். சும்மா உட்கார்ந்திருக்கும்போது துடிப்பு ஏறினால் தள்ளிப்போடாமல் வந்துவிட வேண்டும், ரத்தம் உள்ளே கட்டிக்கொண்டால் பக்கவாதம் வரைக்கும் போகும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவருக்கோ படபடப்பு வந்தால் தெரியாது. தெரிந்தாலும் வாயைத் திறக்கமாட்டார். அதற்காகத்தான் வாட்ச். துடிப்பு ஏறினால் கையில் அதிரும். மகனுடைய போனிலும் எண் தெரிகிற மாதிரி அவன் ஏதோ செய்து வைத்திருக்கிறான்.

வாட்ச்சில் ஒரு குறையும் இல்லை. ஸ்ட்ராப்தான் உயிரை எடுத்தது. விருத்தாசலத்தில் எங்களுக்கு ஒரு சின்ன பீங்கான் பட்டறை இருக்கிறது. ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் போடுகிறோம். மண் தூள் சோற்றிலேயே இருக்கும், ஸ்ட்ராப்புக்கு அடியில் இருக்காதா? வாட்ச்சோடு வந்தது ரப்பர் ஸ்ட்ராப். வியர்வையும் தூளும் உள்ளே குழைந்து காய்ந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி மணிக்கட்டைச் சுற்றித் தடித்துப் புண்ணாகிவிட்டது. இதுதான் சாக்கு என்று கழற்றி டிவி மேல் வைத்துவிட்டார். மகன் அங்கிருந்து போன் போட்டு, அப்பா ஏன் கட்டவில்லை என்று என்னைக் கேட்டான். நான் என்ன அவர் கையா?

பட்டறையில் என் வேலை, அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் ரெண்டு பாதியும் சேர்ந்த இடத்துக் கோட்டை ஈர ஸ்பாஞ்சால் தேய்த்து எடுப்பது. மண் எந்தச் சந்தில் போய் ஒளியும் என்று எனக்கா தெரியாது? அன்றைக்கே பின்னை நெம்பி ஸ்ட்ராப்பை வாட்ச்சிலிருந்து கழற்றினேன். துளைக்குள்ளும் மடிப்புக்குள்ளும் பழைய பல் பிரஷ்ஷை விட்டு லேசான சோப்பில் தேய்த்தேன். வெள்ளையாக ஒழுகியது. ஈரத்தோடு திரும்பக் கட்டினால் புண் இன்னும் மோசமாகும், அதனால் மாற்று ஒன்று வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் சாம்பல் நிறத் துணி ஸ்ட்ராப்பும், விசேஷத்துக்குக் கட்டிப் போக ஒரு தோல் ஸ்ட்ராப்பும் வாங்கிவந்தேன்.

தோல் ஸ்ட்ராப் ஒரு மழை நாளோடு போய்ச் சேர்ந்தது. எங்கள் பட்டறையில் ஈரமான எதையும் சூளை மேல் போடுவதுதான் வழக்கம். அச்சு, கைத்துண்டு, மழையில் நனைந்த செருப்பு எல்லாம் அங்கேதான் காயும். நனைந்த ஸ்ட்ராப்பையும் கை தானாகக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டது. காலையில் பார்த்தால் வத்தல் மாதிரி சுருண்டு கிடந்தது. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். சாம்பாரில் போடலாமா என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று அவருக்கு டீ கூடப் போடவில்லை.

அப்புறம் ஒரு வழக்கத்துக்கு வந்தோம். பட்டறைக்குத் துணி ஸ்ட்ராப், வீட்டுக்கு வந்து குளித்ததும் ரப்பர். ஒன்று கையில் இருந்தால் இன்னொன்று நிழலில் கொடியில் காயும். விரல் நுழைகிற அளவு தளர்த்திக் கட்டுவேன், இன்றைக்கு இடது கை என்றால் நாளைக்கு வலது கை. புண் ஆறிவிட்டது. அவரும் முரண்டு பிடிப்பதை விட்டு, பேப்பர் படித்துக்கொண்டே கையை நீட்டப் பழகிவிட்டார்.

போன மாதம் பெண்ணாடத்தில் என் நாத்தனார் வீட்டில் காதுகுத்து. கிளம்புகிற நேரத்தில் பார்த்தால் துணி ஸ்ட்ராப் காயவில்லை. ரப்பரை இவர் கழற்றாமல் குளித்து, சோப்பு நுரையோடு வந்து நிற்கிறார். ஒரு நாள் கட்டாவிட்டால் குடி முழுகிவிடாது என்றார். நான் பீரோவைத் திறந்து, புதிதாக வாங்கி ஒளித்து வைத்திருந்த மெரூன் ஸ்ட்ராப்பை எடுத்தேன். எனக்கு இத்தனை சட்டை கூட இல்லையே என்று முனகிக்கொண்டே கையை நீட்டினார்.

பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவருடைய இடது கை தொடைமேல் இருந்தது. வாட்ச் அதிர்ந்த சத்தம் எனக்கே கேட்டது. இவர் மெதுவாகத் துண்டை இழுத்து அதன்மேல் போட்டார். துண்டை விலக்கிப் பார்த்தேன். நூற்றைம்பதுக்கு மேல். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"எழுந்திரிங்க, போலாம்."

"பாயசமே இன்னும் வரல. பொறந்த வூட்டு ஆளுன்னு நான் ஒருத்தன்தான் வந்திருக்கேன். பாதி எலையில எழுந்தா என் தங்கச்சி என்னா நெனைப்பா?"

அவர் சொன்னது தப்பில்லை. எங்கள் பக்கம் பாதிச் சாப்பாட்டில் எழுந்தால், சமையலிலோ மரியாதையிலோ குறை கண்டதாகத்தான் அர்த்தம். வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு. ஆனால் அவர் இருந்தால்தானே தங்கச்சி வீட்டு உறவு? கையை நீட்டி அவர் இலையை ரசம் சோறோடு மடக்கிவிட்டேன். பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நாத்தனார் ஓடிவந்தாள்.

"அண்ணி, என்னா கொறை வெச்சோம்?"

 காரை எடுக்கச் சொல் என்று மட்டும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே புரிந்துவிட்டது. அவள் மகன்தான் ஓட்டினான். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று வழியிலேயே என் மகனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

விருத்தாசலம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர் கையிலிருந்து வாட்ச்சைக் கழற்றி என்னிடம் கொடுத்து, கதவைச் சாத்திக்கொண்டார். எங்கேயாவது தொலைத்துவிடப் போகிறேன் என்று என் கையிலேயே கட்டிக்கொண்டேன். ரொம்ப நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். மருந்து ஏற்றியதில் துடிப்பு இறங்கிவிட்டது, உடனே கூட்டிவந்ததால் பிழைத்தோம், ரெண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார். நான் தலையை ஆட்டினேன். துடிப்பு இறங்கியதை மகனுக்குச் சொல்லலாம் என்று போனை எடுப்பதற்குள் அவனே கூப்பிட்டுவிட்டான்.

"அம்மா, அப்பாவுக்கு இன்னும் நூத்தி இருவது காட்டுதே! டாக்டர் என்னா பண்ணிட்டு இருக்காங்க?"

கையைப் பார்த்தேன். ஆமாம், அவ்வளவுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பாவுக்கு எறங்கிடுச்சுடா. இது நான்."

 "நீ மொதல்ல ஒக்காரும்மா" என்றான்.

நான் நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது.