மூன்றா, எட்டா?

போன மாதம் என் மனைவி வசந்தி கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் வழுக்கி விழுந்தாள். மழைத் தூறல், பாசி பிடித்த கடைப் படி, தலையில் அடி. யாரோ ஒரு ஆட்டோக்காரர் அவளைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்திருக்கிறார். அவளையும் அவள் கைப்பையையும் நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

"தலைக்குள்ள ரத்தக் கசிவு. நேரத்தோட கொண்டுவந்ததால தப்பிச்சாங்க" என்றார் டாக்டர்.

இப்போது நலம். நான் இதை டைப் செய்யும்போது அடுக்களையில் மிக்ஸியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவள் நினைவில் இல்லை. விழுந்தது... அப்புறம் ஆஸ்பத்திரியின் வெள்ளைச் சுவர். நடுவில் காலி.

"என்னைத் தூக்கினவர் முகத்தை ஒரு தடவை பார்க்கணும்ங்க" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

விழுந்த இடத்துக்கு எதிரே அரிசிக் கடை வைத்திருக்கும் பஷீர் இக்காவிடம் ஒரே ஒரு போட்டோ இருந்தது. "ஆரு கொண்டுபோறாங்கன்னு நாளைக்குக் கேட்டா சொல்லணுமல்லோ, அதான் எடுத்தேன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வண்டி வேகமாகத் திரும்பும்போது எடுத்தது. நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் தோசை மாவை இழுத்துவிட்ட மாதிரி ஒரு பட்டை!

கவலை எதற்கு? நம் போனில்தான் ஏ.ஐ. ஆப் இருக்கிறதே. ஒரு தட்டு தட்டினேன். நேற்றுதான் பெயிண்ட் அடித்தது போல நம்பர் பளிச்சென்று வந்து நின்றது. கடைசிக்கு முந்தைய எண் எட்டு.

ஆட்டோ ஸ்டாண்டில் காட்டினேன். "இது தேவரா வர்கீஸ் சேட்டனோட வண்டி" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அல்வாவோடு இருவரும் தேவராவுக்குப் போனோம். வசந்தி பேச ஆரம்பிக்கும்போதே அழுதுவிட்டாள். 'ஆமாம், நான்தான்' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்?

"நான் இல்ல சேச்சி" என்றார் வர்கீஸ். "அந்த வாரம் முழுக்க வண்டி ஒர்க்‌ஷாப்பில கிடந்தது. வேற ஒருத்தர் செஞ்ச காரியத்துக்கு நான் அல்வா தின்னா சரியாகாது."

பிறகு என் போனை வாங்கிப் பார்த்தார். "ஒரிஜினல் போட்டோ உண்டோ சாரே?" காட்டினேன். சிரித்துவிட்டார். "இதில நம்பரே இல்லியல்லோ! அப்ப இந்த எட்டு எங்கேருந்து வந்தது?"

நியாயமான கேள்வி. எங்கேருந்து வந்தது?

ஜெயந்தியிடம் போய்க் கேட்டேன். மட்டாஞ்சேரியில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பங்களுக்குப் படம் திருத்துகிறவர். பூர்வீகம் பாலக்காடு.

"வாட்ஸ்அப்ல வந்ததை வெச்சுண்டு ஒண்ணும் பண்ண முடியாது சார். அது படத்தை நசுக்கித்தான் அனுப்பும். எடுத்த போனையே கொண்டு வாங்கோ."

பஷீர் இக்கா கடையை மச்சானிடம் விட்டுவிட்டுப் போனோடு வந்து உட்கார்ந்தார்.

ஜெயந்தி முதலில் படத்தில் மணல் தூவியது போலிருந்த புள்ளிகளைக் குறைத்தார். அப்புறம் ஷார்ப்பன் செய்வதற்கான ஸ்லைடரைக் கொஞ்சமாக நகர்த்தினார். "முழுசா தள்ளுங்களேன்" என்றேன். தள்ளிக் காட்டினார். எல்லா ஓரங்களிலும் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைக் கோடு. எண் மட்டும் வரவில்லை.

"பார்த்தேளா? ஷார்ப்பன்னா இருக்கற ஓரத்தை அழுத்திக் காட்டறது, அவ்வளவுதான். இல்லாததை எங்கே போய்த் தேடும்?"

"அப்போ என் ஆப்?"

"அது ஊகிக்கும். கல்யாணப் பொண்ணோட ஜரிகைக்கு நானும் அதைத்தான் யூஸ் பண்றேன். ஜரிகை ஒரு இழை மாறினா யாருக்கு என்ன? நம்பருக்கு அது ஆகாது."

பிறகு வேறொரு மென்பொருளைத் திறந்தார். வண்டி எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்தது என்று சொன்னால், இழுபட்டதைத் திருப்பிச் சுருக்கப் பார்க்குமாம். அரை மணி நேரம் துளித்துளியாக மாற்றிக்கொண்டே இருந்தார். மங்கலாக, ஆனால் ஒவ்வொன்றாக எண்கள் வெளியே வந்தன, ஆப் காட்டிய அதே எண்கள். கடைசிக்கு முந்தைய ஒன்றைத் தவிர!

"வண்டி பக்கவாட்டில திரும்பியிருக்கு. படுக்கைக் கோடெல்லாம் தப்பிச்சுடுத்து, நிக்கற கோடெல்லாம் கரைஞ்சு போச்சு. மூணுக்கும் எட்டுக்கும் இடது பக்கம்தானே வித்தியாசம்? இது மூணா எட்டான்னு எனக்குத் தெரியாது சார்."

எனக்குத் தெரியாது! எத்தனை ஆப்களை டவுன்லோட் செய்திருப்பேன்... ஒன்றாவது என்னிடம் இப்படிச் சொல்லியிருக்கிறதா?

கூட வந்து பின்னால் உட்கார்ந்திருந்த வசந்தி சொன்னாள். "எட்டுக்காரர்தான் நான் இல்லைன்னு சொல்லிட்டாரே. அப்போ மூணு."

மூன்று, விசாரித்துக்கொண்டு போனபோது, போர்ட் கொச்சி படகுத்துறை ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் நவாஸுக்கு நாற்பது வயது இருக்கும். வசந்தியைப் பார்த்ததும் சீட்டிலிருந்து இறங்கினார். என் கையிலிருந்த போட்டோவையும் அதிலிருந்த தன் நம்பரையும் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"தப்புதான் சேச்சி. ஸ்கூல் கேட்டில நான் தினம் ஏத்திட்டுப் போற பிள்ளைங்க காத்து நிக்கிறாங்கன்னு உங்களைத் தனியா விட்டிட்டு ஓடிட்டேன். கூட நின்னிருக்கணும். அன்னையிலேருந்து மனசே சரியில்ல" என்றவர், என்னைப் பார்த்து, "கம்ப்ளெயின்ட் கொடுக்கவா வந்தீங்க சாரே?" என்றார்.

நாங்கள் நன்றி சொல்லத் தேடிய மனிதர், இத்தனை நாளும் தன்னைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறார்!

வசந்தி அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீங்க இல்லேன்னா நான் இல்ல" என்றாள். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போனை நீட்டிய பஷீர் இக்கா, இல்லை என்று சொன்ன வர்கீஸ், தெரியாது என்று சொன்ன ஜெயந்தி... இவர்களில் ஒருவர் குறைந்திருந்தாலும் இந்தக் கையைப் பிடித்திருக்க முடியாது. நன்றி, நன்றி, நன்றி.

கிளம்பும்போது வசந்தி கேட்டாள். "அன்னைக்கு வண்டியில நான் ஏதாவது பேசினேனா?"

"வழி முழுக்க ஒரே பேச்சுத்தான்" என்று சிரித்தார் நவாஸ். "'அவருக்கு பிபி இருக்கு, பதறிடுவார், மெதுவாச் சொல்லுங்க'ன்னு. நானும் நர்ஸ்கிட்ட அதையேதான் சொல்லிட்டு வந்தேன்."

வசந்தி என்னைப் பார்த்தாள். நான் படகைப் பார்த்தேன்.

இருபத்தாறு வருஷ தாம்பத்தியத்தில் என் பிபியைப் பற்றி அவள் கத்தாமல் பேசியது அந்த ஒரு நாள்தான் — அதுவும் என்னிடம் இல்லை!